கணக்கில் வராத போர்

(தியாகி இம்மானுவேல் சேகரன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் தியாகியின் வாழ்க்கையைச் சொல்லி, வீரவணக்கம் செலுத்தி முடிப்பது வழக்கம். இந்த மேடையில் அது பலமுறை நடந்திருக்கிறது. நன்றாகவே நடந்திருக்கிறது. இந்த முறை நான் வேறு வழியாக அவரிடம் வந்து சேரலாம் என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு மாணவி. மன்றத்தின் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் எழுந்து கேட்டார்: "மனித வரலாற்றில் போர் குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு ஒரு புத்தகத்துல படிச்சேன் ஐயா. நம்ம மாவட்டத்துல அது ஏன் தெரியலை?" அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்குப் போனபிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்று அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

போர் குறைகிறது என்பவர்கள் சொல்வது

முதலில் அந்த வாதத்தை நியாயமாக எடுத்து வைக்க வேண்டும். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு வாதத்தை அரைகுறையாகச் சொல்லி அடிப்பது நம் மரபில்லை. எதிராளியின் கருத்தை முழுதாக எழுதிவிட்டுத்தான் அண்ணல் அம்பேத்கர் பதில் எழுதத் தொடங்குவார்.

ஜான் முல்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989இல் எழுதினார்: வளர்ந்த நாடுகளுக்கு இடையிலான பெரும்போர் வழக்கொழிந்து வருகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மானம் போனது என்று இரண்டு பேர் வாளோடு ஒற்றைக்கு ஒற்றை நின்று சண்டையிட்டுச் செத்தார்கள். அது கௌரவமாக இருந்தது. பிறகு கேலிக்குரியதாகி மறைந்தது. அடிமை வாணிபமும் இயற்கை நியதி என்று சொல்லப்பட்டு, பிறகு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. போரும் அப்படியே போகும் என்றார். 2011இல் ஸ்டீவன் பிங்கர் பெரிய நூல் ஒன்றில் பல நூற்றாண்டுப் புள்ளிவிவரங்களை அடுக்கி, மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் வன்முறையில் சாவோரின் விகிதம் குறைந்துவந்திருக்கிறது என்று வாதாடினார்.

இதில் உண்மை இருக்கிறது. பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை மோதின. இன்று அந்த எல்லையில் போர் மூளும் என்று யாரும் பயப்படுவதில்லை. கொரியப் போருக்குப் பிறகு வல்லரசுகளின் படைகள் நேருக்கு நேர் பெரும்போர் நடத்தவில்லை.

ஆனால் இந்த நம்பிக்கை பழையது, ஏமாந்தும் இருக்கிறது. போரில் வென்றாலும் லாபமில்லை, ஆகவே நாகரிக நாடுகளுக்குப் போர் வீண் என்று நார்மன் ஏஞ்சல் எழுதிய நூல் முதல் உலகப்போருக்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஐரோப்பா முழுதும் விற்றது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசியபோது, அந்தப் போர் நம் கரைக்கும் வந்துவிட்டது. இப்போதும் பாருங்கள். 2022இல் உக்ரைன், 2023 அக்டோபருக்குப் பிறகு காசா. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் உலகத்தின் ஆயுத மோதல்களை ஆண்டுதோறும் எண்ணுகிறது. அரசு ஒரு தரப்பாக இருக்கும் மோதல்கள் 2024இல் 61. 1946க்குப் பிறகு அதுவரை எந்த ஆண்டிலும் இத்தனை இல்லை.

ஆகவே போரின் சரிவு நிச்சயமில்லை. அது மனிதர்கள் செய்த ஏற்பாடு. ஏற்பாட்டைக் கைவிட்டால் போர் திரும்பி வரும். இதை ஒரு பக்கம் வைத்துக்கொள்வோம். மாணவியின் கேள்வி இதற்கும் கீழே போகிறது.

எதை எண்ணுகிறார்கள்?

உப்சாலா கணக்கில் ஒரு மோதல் இடம்பெற ஓர் ஆண்டில் குறைந்தது 25 பேர் சண்டையில் செத்திருக்க வேண்டும். 1,000 பேர் செத்தால் அது போர். ஆய்வுக்கு ஒரு கோடு வேண்டும்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அன்று தமிழ்நாட்டில் போர் இல்லை. உலகப் போர்ப் பட்டியல் எதிலும் வெண்மணி இல்லை. நம் ஊர்களில் சாவு பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாக வரும். வீடு எரியும், ஆடு மாடு போகும், கிணற்றில் மலம் கலப்பார்கள், பிள்ளை படிப்பை நிறுத்துவான், குடும்பம் ஊரை விட்டுத் திருப்பூருக்குப் போகும். இவற்றில் எதுவும் சாவு எண்ணிக்கையில் வராது.

வேறொரு ஏட்டில் வரும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏட்டில், பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் என்ற தலைப்பில் 2021இல் 50,900 வழக்குகள், 2022இல் 57,582 வழக்குகள். இந்த ஏற்றத்தைப் பார்த்து வன்கொடுமை கூடிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. முன்பு காவல் நிலையப் படி ஏறாதவர்கள் இன்று ஏறுகிறார்கள், அதனாலும் எண் கூடும். அப்படி எடுத்துக்கொண்டாலும், போர்க்கோடு சரிகிறது என்று ஒருவர் காட்டும் அதே காலத்தில் இன்னொரு கோடு சரியவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து யாரும் பார்ப்பதில்லை.

பெயரிலும் இது இருக்கிறது. என் அப்பத்தா ஆண்டுக்கணக்கு அறியாதவர். "கலவரத்துக்கு முந்தின ஆடியில ஒங்கப்பன் பெறந்தான்" என்பார். 1957ஐத்தான் சொல்கிறார். முதுகுளத்தூர் பக்கத்து ஊர்களில் வீடுகள் ஆயிரக்கணக்கில் எரிந்தன, பெரும்பாலும் தேவேந்திரர் வீடுகள். நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கைக்குழந்தையோடு இரண்டு இரவு கண்மாய்க் கரைக்குப் பின்னால் படுத்துக் கிடந்ததை அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அரசு ஆவணத்தில் அது கலவரம். பத்திரிகையில் மோதல். மோதல் என்று எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் சம பலத்தோடு எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டதாகிவிடும். அப்பத்தா எதோடு மோதினார்? அவர் ஓடினார்.

ரோகிணி ஆற்றங்கரையில்

இந்த இடத்தில் நமக்கு வழிகாட்ட ஒரு நூல் இருக்கிறது. அண்ணல் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். அவர் எழுதி முடித்த 'புத்தரும் அவர் தம்மமும்' மறு ஆண்டு, 1957இல் அச்சாகி வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். இந்த இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததை நாம் அதிகம் யோசித்ததில்லை.

சித்தார்த்தன் ஏன் வீட்டைத் துறந்தான்? கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் துறவியையும் கண்டான் என்பது மரபுக்கதை. அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. இருபத்தொன்பது வயதுவரை ஒருவன் கிழவனையும் பிணத்தையும் பார்க்காமலா இருந்திருப்பான் என்று கேட்கிறார். அவர் சொல்லும் காரணம் ஒரு தண்ணீர்த் தகராறு. சாக்கியருக்கும் கோலியருக்கும் நடுவே ரோகிணி ஆறு. யார் முதலில் தண்ணீர் எடுப்பது என்று சண்டை. வைகையின் கடைமடையில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடைக்கு மடை வெட்டுக்குத்து நடந்த மண் இது.

சாக்கியர் சங்கம் போர் தொடுக்க முடிவு செய்தது. சித்தார்த்தன் எழுந்து எதிர்த்தான். இரு பக்கமும் இரண்டிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும், அந்த நால்வர் ஐந்தாமவரைத் தேர்ந்தெடுக்கட்டும், அந்த ஐவர் தீர்த்துவைக்கட்டும் என்றான். வாக்கெடுப்பில் தோற்றான். மறுநாள் படைக்கு ஆள் சேர்க்கும் தீர்மானத்தையும் எதிர்த்தான். சங்கம் அவனை மிரட்டியது: உன் குடும்பத்தை ஊர்விலக்கம் செய்வோம், நிலத்தைப் பறிப்போம். குடும்பத்தைக் காப்பாற்ற அவனாகவே நாடு கடந்து போகச் சம்மதித்தான். ஊர்விலக்கம், நிலம் பறிப்பு! போரை எதிர்த்தவனுக்கு எதிராக எடுத்த ஆயுதம் நம் ஊர்களுக்குப் பழக்கமான ஆயுதம்.

கதை அங்கே முடியவில்லை. அவன் போனபிறகு மக்கள் போருக்கு எதிராகத் திரண்டு, சாக்கியரும் கோலியரும் சமாதானமாகிவிடுகிறார்கள். செய்தி வருகிறது. திரும்பிப் போய்விடலாம். அவன் போகவில்லை. போர் நின்றது, ஆனால் சிக்கல் தீர்ந்ததா என்று யோசிக்கிறான். நாடுகளுக்கு இடையில் சண்டை எப்போதாவது வருவது. வர்க்கங்களுக்கு இடையிலான சண்டை இடைவிடாமல் நடப்பது. உலகத் துன்பத்தின் வேர் அதில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்து, அதற்கு விடை தேடி நடக்கிறான்.

மாணவி கேட்ட கேள்விக்கு அண்ணல் தந்த பதில் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எப்போதாவது நடக்கும் சண்டை குறையலாம். இடைவிடாத சண்டையைத் தொடாமல் அதைக் குறைக்கவும் முடியும். அப்படிக் குறைத்தபோது யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு நம் மாவட்டத்தின் கிழக்கு முனையிலேயே சாட்சி இருக்கிறது.

மண்டபத்தில்

பரமக்குடியில் ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் மண்டபம். அங்கே உள்ள முகாமை அகதி முகாம் என்றுதான் நமக்குத் தெரியும். அதற்கு முன்பு அது வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி போகிறவர்களைத் தடுத்துவைத்துச் சோதித்த முகாம். சில நாள் தனியே அடைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று தெரிந்தபிறகு கப்பலேற்றினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோயின. போனவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியர். காபிக்கும் தேயிலைக்கும் மலையைத் திருத்தியவர்கள்.

இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் அந்த மீதியையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதே 1974இல் கச்சத்தீவும் இலங்கைக்குப் போனது.

சர்வதேச உறவுப் பாடப்புத்தகப்படி இவை வெற்றிகள். இரு நாடுகள், ஒரு பெரிய பிணக்கு, ஒரு துப்பாக்கிக்குண்டும் வெடிக்காமல் தீர்ந்தது. போர் குறைகிறது என்ற கணக்கில் இதை வரவில் வைக்கலாம். ஆனால் சந்தையில் ஆடு பிரிப்பதுபோல் பிரிக்கப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறந்த மலையை விட்டு, பார்த்தேயிராத தாய்நாட்டுக்கு, மண்டபம் வழியாகவே திரும்பி வந்தார்கள். ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். இன்னும் பலர் கொத்தடிமைகளாகச் சிக்கினார்கள்.

பிறகு 1983 ஜூலை. அதே முகாமுக்கு இப்போது போரின் அகதிகள் வந்தார்கள். 1987 ஜூலை 29 ஒப்பந்தம், 1990இல் இந்தியப் படையின் வெளியேற்றம், 2002 பிப்ரவரி போர்நிறுத்தம் என்று ஒவ்வொரு சமாதானமும் உடைந்தபோது ராமேசுவரம் தீவின் கரையில் படகுகள் ஒதுங்கின. 2009 மே மாதம் போர் முடிந்தது. அதன் கடைசி மாதங்களில் 40,000 பேர்வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கூறியது.

போர் முடிந்தபின் என்ன? யாழ்ப்பாணத்தில் வலிகாமத்து அகதி முகாம்களில் கடைசிவரை தங்கிப்போனவர்களில் பெரும்பான்மையோர் பஞ்சமர் என்று அங்கே அழைக்கப்படும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலம் வைத்திருந்தவர் வேறிடத்தில் நிலம் வாங்கினார், வெளிநாடு போனார். நிலமில்லாதவருக்குத் திரும்பிப் போக இடமில்லை, வேறிடத்தில் காணி விற்கவும் ஆளில்லை. எல்லாரையும் சமமாக விரட்டிய போர், அமைதி வந்தபோது சாதிப்படி வீட்டுக்கு அனுப்பியது. கே. டானியல் போன்ற ஈழத்து எழுத்தாளர்கள் போருக்கு முன்பே எழுதிவைத்த சாதி, போருக்குப் பின்னும் இருந்த இடத்தில் இருந்தது.

இம்மானுவேல் கான்ட் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி 1795இல் நிலையான அமைதிக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார். குடியரசு ஆட்சி, சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு, மூன்றாவது விருந்தோம்பல். கரையேறி வரும் அந்நியனைப் பகைவனாக நடத்தக்கூடாது என்பது அவனுடைய உரிமை, நம் தயவு அன்று என்றார். முதல் இரண்டைப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது. மூன்றாவதை மண்டபத்தில் வைத்துப் பரீட்சித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவர்கள் அதில் ஏராளம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2021இல் மாநில அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்ல மாற்றம். ஆனால் குடியுரிமை தருவது மாநில அரசின் கையில் இல்லை.

1957 செப்டம்பர் 10

இப்போது தியாகியிடம் வருகிறேன்.

அவர் 1924 அக்டோபர் 9 அன்று செல்லூரில் பிறந்தவர். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர். 1945இல் ராணுவத்தில் சேர்ந்தவர். போர் என்றால் என்ன என்று சீருடை போட்டுத் தெரிந்துகொண்டவர். ஊர் திரும்பியபோது இரட்டைக் குவளை இருந்த இடத்தில் இருந்தது. நாட்டுக்காகச் சுமந்த துப்பாக்கி ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு கண்ணாடிக் குவளையைக்கூட வாங்கித் தரவில்லை. அதற்கு அவர் துப்பாக்கியால் பதில் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போனார், மக்களைத் திரட்டினார், கூட்டம் போட்டார், மனு எழுதினார்.

1957 ஜூலையில் முதுகுளத்தூர் இடைத்தேர்தல் முடிந்ததும் ஊர்களில் பகை மூண்டது. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் பணிக்கர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். முத்துராமலிங்கத் தேவர் வந்தார். தேவேந்திரர் தரப்பில் சென்றவர்களில் ஒருவர் இம்மானுவேல் சேகரன். அந்த அறையில் என்ன பேசினார்கள், யார் எப்படி உட்கார்ந்தார்கள் என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எல்லாரும் ஒப்புக்கொள்வது ஒன்று உண்டு. முப்பத்து மூன்று வயதுகூட நிறையாத ஒரு தாழ்த்தப்பட்ட இளைஞர், சமாதானம் பேச அழைக்கப்பட்ட பிரதிநிதியாக, மற்றவர்களுக்கு நிகராக அந்த அறையில் இருந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

நான்காம் நாள், செப்டம்பர் 14 அன்று, கீழத்தூவலில் காவல்துறை மறவர் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. பிறகுதான் தீ பரவியது. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட முத்துராமலிங்கத் தேவரை 1959இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. இதைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. கீழத்தூவலில் செத்த ஐந்து பேரையும் நாம் நினைக்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் பெண்கள் அழுதார்கள். விசாரணை இல்லாமல் சுடுவது யாருக்கும் நீதி ஆகாது. இதை நாமே சொல்லாவிட்டால், ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்து அதே துப்பாக்கி நம் பக்கம் திரும்பியபோது கேட்கும் தகுதி நமக்கு இருந்திருக்காது.

2011 செப்டம்பர் 11. நினைவு நாளுக்கு வந்த கூட்டம் பரமக்குடி ஐந்துமுனை அருகே. தலைவர் ஒருவரைக் காவலில் வைத்ததற்கு மறியல். துப்பாக்கிச்சூடு. ஆறு பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் காவல்துறையின் நடவடிக்கையைக் குறை சொல்லவில்லை. அமைதியை நிலைநாட்டச் சுட்டதாகச் சொன்னார்கள். அமைதி என்ற சொல்லை இந்த மாவட்டம் இப்படித்தான் கற்றது. செப்டம்பர் வந்தால் 144 தடை உத்தரவு, வெளி மாவட்ட வாகனங்களுக்குத் தடை, ஆயிரக்கணக்கில் போலீஸ். அக்டோபர் கடைசிவரை மாவட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நவம்பரில் "அசம்பாவிதம் ஏதுமில்லை" என்று செய்தி வரும். அது உண்மைதான், ஆனால் அதை அமைதி என்று சொல்ல மனம் வரவில்லை.

"இரு தரப்பினரும்"

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருமையான கதை இல்லை.

பல ஆண்டுக்கு முன்பு எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பாதையை மறித்தார்கள். கேட்கப் போன இரண்டு பையன்களுக்கு மண்டை உடைந்தது. ஒரு அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். படித்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு தாளைக் கொடுத்தார்கள். "இரு தரப்பினரும் இனி அமைதி காப்போம், வழக்குகளைத் திரும்பப் பெறுகிறோம்" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற பையன், தலையில் கட்டோடு, என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, நாம எந்த அமைதியைக் கெடுத்தோம்?" நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பாதை திறக்கவில்லை. அடுத்த பிணத்தையும் வயல் வழியாகத்தான் தூக்கிப்போனோம். அந்தக் கையெழுத்துக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தின் சுவரை எல்லாருக்கும் தெரியும். 1989இல் நடந்த வன்முறைக்குப் பிறகு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின் பெயரால் எழுந்த சுவர் அது. சமாதானம் பேசி முடித்தார்கள், சமாதானம் சுவராக நின்றது. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் நின்றது. 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அந்த இருபது ஆண்டும் உத்தப்புரம் அமைதியான ஊர் என்றுதான் கணக்கு.

சமமில்லாதவர்களுக்கு நடுவே எழுதப்படும் சமாதானம் யார்மேல் பாரமாக விழும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. 1964 ஒப்பந்தமும் எங்கள் ஊர்த் தாளும் ஒரே கையால் எழுதியவைபோல இருக்கின்றன. அடித்தவனும் அடிபட்டவனும் இரு தரப்பு. பாதை மறித்தவன் ஏற்கெனவே பெற்றதை வைத்துக்கொள்வான், மறிக்கப்பட்டவன் வழக்கை விடுவான்.

அப்படியானால் வழி?

நம்பிக்கை இல்லாமல் நான் இந்த மேடையில் ஏறவில்லை. முல்லர் சொன்னதில் நமக்குப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. ஒற்றைச் சண்டையும் அடிமை வாணிபமும் தாமாக மறையவில்லை. சிலர் மறுத்தார்கள், சட்டம் வந்தது, சட்டத்தை அமல்படுத்த ஆளிருந்தது, பிறகுதான் அது கேவலம் என்ற எண்ணம் ஊருக்குள் பரவியது. மனசு மாறட்டும், பிறகு சட்டம் போடலாம் என்று காத்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தனித்தொகுதி ஆனது. பத்து ஆண்டு அங்கே தேர்தல் நடத்த முடியவில்லை. மனு போட ஆளில்லை, போட்டு ஜெயித்தவர் உடனே ராஜினாமா. பதவியேற்றால் என்ன ஆகும் என்பதற்கு மேலவளவு எச்சரிக்கையாக இருந்தது. 1997 ஜூன் 30 அன்று அங்கே ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு சென்றவர்களையும் வெட்டிக் கொன்றிருந்தார்கள். ஆனாலும் தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் விடவில்லை. 2006இல் அரசு உறுதியாக நின்றது. அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அக்டோபரில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். அங்கேயும் பேச்சுவார்த்தைதான் நடந்தது. ஆனால் பதவியை விட்டுக்கொடுப்பதா என்று பேசவில்லை. பதவி உண்டு, அதை எப்படி நடத்துவது என்று பேசினார்கள். உரிமையை மேசைக்கு வெளியே வைத்துவிட்டு அமைதியைப் பேசியதால்தான் அது நடந்தது.

மாணவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் குற்றங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை அல்ல. 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் உள்ள உரிமைகளைச் சொல்கிறது. அதைப் படியுங்கள், ஊரில் படித்துக் காட்டுங்கள். மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும் என்பது விதி. கூடுகிறதா, அதில் நம் வழக்கு பேசப்பட்டதா என்று எழுதிக் கேளுங்கள். ஊரில் நடப்பதை நாளும் நேரமும் போட்டுக் குறித்து வையுங்கள். உப்சாலாவில் எண்ண ஆளிருக்கிறது, நம் ஊர்களை நாம்தான் எண்ண வேண்டும். மண்டபத்துக்கும் போய் வாருங்கள். அங்கே உங்கள் வயதுப் பிள்ளைகள் பட்டம் வாங்கிவிட்டுக் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டனை நம் பாட்டன் ஊரிலிருந்துதான் கப்பலேற்றினார்கள்.

எதிர்காலத்தில் போர் இன்னும் குறையுமா? குறைய வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். போர் வந்தால் முதலில் சாவது நிலமில்லாதவர்கள், கடைசியில் வீடு திரும்புவதும் அவர்கள். ஆனால் ரோகிணிக் கரையின் செய்தி கேட்ட சித்தார்த்தன் செய்ததை நாமும் செய்ய வேண்டும். போர் நின்றது என்ற செய்தியோடு வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

முடிக்கிறேன். சமாதானக் கூட்டத்துக்கு உங்களையும் ஒருநாள் கூப்பிடுவார்கள். படித்த பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டதுபோல் கூப்பிடுவார்கள். போகாமல் இருந்துவிடாதீர்கள். அவர் போனார். போய், நாற்காலியில் உட்காருங்கள். தாளை வாங்கி முழுதும் படியுங்கள். "இரு தரப்பினரும்" என்று எழுதியிருந்தால், என்ன நடந்தது, யார் செய்தார், பாதை என்றைக்குத் திறக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாதவரை பேனாவை எடுக்காதீர்கள். அன்றைக்கு நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

தியாகிக்கு வீரவணக்கம். ஜெய்பீம்.